கரண்ட் போனால் உலகம் கேட்கும்

எங்கள் தெருவில் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று முதல் நாள் பேப்பரில் வந்துவிடும். பக்கத்து வீடுகளில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார்கள், மாவு அரைத்து வைப்பார்கள். நான் ரேடியோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவைப்பேன்.

மாலை நாலரைக்கு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து 25 மீட்டரில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் வரிசையாக ஆட்கள் வருகிறார்கள். சீன வானொலி ஏதோ ஒரு மொழியில் இழுத்து இழுத்துப் பேசுகிறது. அடுத்து அரபியில் ஒரு குரல், அதற்கும் அடுத்து கம்பிக்கருவி ஒன்றின் தனி வாசிப்பு. மிக மெலிந்த குரல்கள்கூட அடியில் இரைச்சல் இல்லாததால் தெளிவாக நிற்கின்றன. ஐந்து மணிக்கு எங்கோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கும். உடனே ரேடியோவில் ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம். அதன்மேல் இன்னொரு சத்தம், வேறு சுதியில். ஐந்து பத்துக்கு, சற்றுமுன் கேட்ட பத்துப் பன்னிரண்டு நிலையங்களில் இரண்டுதான் மிச்சம். ரேடியோவும் வானமும் அதேதான். தெருதான் மாறியிருக்கிறது.

“குறைந்த விலையில் ஷார்ட்வேவ் கேட்க எந்த ரேடியோ வாங்கலாம்?” என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கதையிலிருந்து தொடங்குவது அதனால்தான். அண்மையில் கேட்டவர் என் சித்தப்பா. ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலிப் பக்கம் கிராமம். இலங்கை வானொலியில் பாட்டும், இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசையுமாக வாழ்ந்த தலைமுறை. 1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றபோது, வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்ச் சேர்ந்ததுபோல் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். இப்போது திடீரென்று ஆசை வந்து, டவுனில் ஒரு கடையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒன்றை வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“ஏய்யா, ஒரே ஆளு ரெண்டு எடத்துல பேசுதான். ரேடியோ கெட்டதா, என் காது கெட்டதா?”

கெட்டது இரண்டும் இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், அந்த ஆள் அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்து சேர்ந்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வானொலி அலை. பண்பலை கண்ணுக்கு எட்டிய தூரத்தைச் சற்றே தாண்டியதும் நின்றுபோகும், பூமியின் வளைவு மறைத்துவிடும். சிற்றலை மேலே கிளம்பி, 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர்களால் அணுக்களிலிருந்து பிய்க்கப்பட்ட எலெக்ட்ரான்கள் மிதக்கும் அடுக்குக்குள் நுழைகிறது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, திரும்பிக் கீழே இறங்குகிறது. ஒரு தாவலில் 3000 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். தரையில் பட்டு மறுபடி தாவினால் அடுத்த கண்டம். 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்பியபோது இது எப்படிச் சாத்தியம் என்று விளங்கவில்லை. மேலே மின்னூட்டம் கொண்ட அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று மறு ஆண்டே கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியாக ஊகித்தார்கள். 1924இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் உறுதி செய்தார், அதற்காக 1947இல் நோபல் பரிசும் பெற்றார். அதே 1947இல் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா மேல் வளிமண்டலத்தைப் பற்றி எழுதிய பெரிய நூல் வந்தது. உலகெங்கும் இத்துறையினர் பல்லாண்டுகள் கையில் வைத்திருந்த புத்தகம் அது.

அந்த மேல் அடுக்குக்கு எஃப் என்று பெயர். கீழே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி என்றொரு அடுக்கு உண்டு. இதுதான் வில்லன். அங்கே காற்று அடர்த்தி அதிகம். அலை பட்டு ஆடத் தொடங்கும் எலெக்ட்ரான் பக்கத்து மூலக்கூறில் மோதி, வாங்கிய ஆற்றலைச் சூடாக்கித் தொலைத்துவிடும். அலைவெண் குறையக் குறைய இந்த இழப்பு கூடும். நல்ல வேளையாக டி அடுக்கு வெயிலில்தான் உயிர் வாழும். பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடும். எஃப் அடுக்கில் காற்று மெலிந்திருப்பதால் பிரிந்த எலெக்ட்ரான்கள் மறுபடி ஒட்டிக்கொள்ள நேரமாகும், இரவெல்லாம் நின்று அலையைத் திருப்பித் தரும். எனவே பகலில் 13, 15, 17 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேட வேண்டும். சாயங்காலம் 9, 11. இரவு ஏறியபின் 5, 6, 7. பழைய ரேடியோ முகப்பில் 19 மீட்டர், 31 மீட்டர், 49 மீட்டர் என்று எழுதியிருக்குமே, அது இதே இடங்களின் அலைநீளக் கணக்கு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு 49 மீட்டரில் துழாவிவிட்டு ‘ஷார்ட்வேவ் செத்துப்போச்சு’ என்று சொல்பவர்கள் பலர்.

தெற்கத்திக்காரர்களுக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனைக்கு மிக அருகில் போகிறது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். அந்தி சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இங்கே எஃப் அடுக்கு குமிழ் குமிழாகக் கலங்குவதுண்டு. அப்போது வரும் குரல், சுற்றும் மின்விசிறிக்கு முன்னால் வாயை வைத்துப் பேசினாற்போல் நடுங்கும். நல்ல ரேடியோ வாங்கினாலும் அது போகாது.

இனி சித்தப்பாவின் ரேடியோ. டார்ச் லைட் இருந்தது, சோலார் தகடு இருந்தது, புளூடூத்தும் பென் டிரைவ் சொருகும் துளையும் இருந்தன. ஷார்ட்வேவுக்கு ஒரே பட்டை, 5.9 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை. ஊருக்குப் போனபோது முள் நகரும் தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஏழு சென்டிமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 170 கிலோஹெர்ட்ஸுக்கும் மேல். சிற்றலையில் நிலையங்கள் ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமரும். முள் ஒரு மில்லிமீட்டர் நகர்வதற்குள் முப்பத்து நாலு இருக்கைகள் கடந்துவிடுகின்றன. முள்ளின் தடிமனே ஒரு மில்லிமீட்டர்! நிலையத்தைப் பிடித்து, கையை எடுத்தால் நழுவிவிடுகிறது என்று அவர் சொன்னதில் வியப்பில்லை. முள் ரேடியோதான் வேண்டும் என்றால், ஒவ்வொரு மீட்டரையும் தனித்தனிப் பட்டையாகப் பிரித்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பட்டை ரேடியோவைப் பாருங்கள். அதில் அதே ஏழு சென்டிமீட்டருக்கு ஐந்நூறு அறுநூறு கிலோஹெர்ட்ஸ்தான்.

இரண்டு இடத்தில் பேசும் ஆளுக்கு வருவோம். 1918இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் வகுத்த முறையில்தான் பெரும்பாலான ரேடியோக்கள் வேலை செய்தன. உள்ளே வரும் அலை எதுவானாலும் அதை ஒரே நிலையான அலைவெண்ணுக்கு, வழக்கமாக 455 கிலோஹெர்ட்ஸுக்கு, இறக்கிக்கொண்டு பிறகு பெருக்குவது. இறக்குவதற்கு ரேடியோவுக்குள்ளேயே ஓர் அலையாக்கி இருக்கும். நீங்கள் 11,000இல் முள்ளை வைத்தால் அது 11,455இல் துடிக்கும். வித்தியாசம் 455. ஆனால் 11,910இல் ஒரு வலுவான நிலையம் இருந்தால் அதற்கும் 11,455க்கும் இடையே உள்ள வித்தியாசம் அதே 455தான். ரேடியோவுக்கு இரண்டும் ஒன்று. ஆகவே 11,910காரர் தன் வீட்டிலும் பேசுவார், 910 தள்ளி 11,000த்திலும் வந்து பேசுவார். இதை நிழல் என்று சொல்லலாம். விலை உயர்ந்த ரேடியோக்கள் முதலில் மிக உயர்ந்த ஓர் அலைவெண்ணுக்கு ஏற்றி, பிறகு 455க்கு இறக்கி, நிழலை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடும். இரட்டை மாற்றம் என்பது இதைத்தான். ஒரு காலத்தில் சோனியின் 7600 வரிசை ரேடியோவுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டியவர்கள் இதற்காகவும் கொட்டினார்கள்.

இன்றைக்கு அந்தச் செலவு வேண்டாம். காரணம், நகத்தளவு ஒரு சில்லு. அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ் கொண்டுவந்த எஸ்ஐ4735 வகைச் சில்லுகள் ஆன்டெனாவிலிருந்து வரும் அலையை வாங்கி, கொஞ்சம் இறக்கி, எண்களாக மாற்றிவிடுகின்றன. சுருளையும் வடிகட்டியையும் வைத்துச் செய்த வேலையை இப்போது கணக்குப் போட்டே செய்கின்றன. பெரிய ரேடியோக்களுக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி இதனால் சின்ன ரேடியோவுக்கும் வந்தது: அலையகலத்தை 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 6 வரை பல படிகளில் மாற்றலாம். பக்கத்து நிலையம் முட்டினால் 2.5 அல்லது 3க்குச் சுருக்குங்கள். குரல் சற்றே மூக்கடைத்தாற்போல் ஆகும், ஆனால் சொல் விளங்கும். தனியாக நிற்கும் வலுவான நிலையத்துக்கு 6 வைத்தால் பாட்டு பாட்டாகவே கேட்கும்.

சில்லுக்குக் குறையும் உண்டு. சமிக்ஞை மெலிந்தால் அது தானாகவே ஒலியை அமுக்கிவிடும், இரைச்சலை நம் காதுக்கு மறைக்கிறதாம். மெலிந்த குரலைத் தேடி உட்கார்ந்தவனுக்கு இது எரிச்சல். தவிர, பல மாடல்களில் குமிழைத் திருப்பும்போது ஒவ்வொரு படிக்கும் ஒலி ஒரு கணம் வெட்டுப்படும். பழைய வால்வு ரேடியோவில் முள்ளைத் திருப்பும்போது ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரைந்து வந்த குரல்களின் அழகு இதில் இல்லை. அந்த ஏக்கத்துக்கு மருந்து கிடையாது.

பெயர் சொல்லச் சொன்னால், சாவகாசமாகக் கேட்பவருக்கு இரண்டே இரண்டைச் சொல்வேன். டெக்சன் பிஎல்-330, எக்ஸ்எச்டேட்டா டி-808. இரண்டும் சீனத் தயாரிப்பு, வெளிநாட்டு விலை ஏறத்தாழ 70 முதல் 100 டாலர். இங்கே சுங்கமும் இடைத்தரகர் லாபமும் சேர்ந்து கூடும். பிஎல்-330க்கு பழைய நோக்கியா போனில் இருந்த அதே பிஎல்-5சி பேட்டரி. எந்தச் செல்போன் கடையிலும் கிடைக்கும் என்பது சிறு விஷயமில்லை, ஐந்து வருடம் கழித்துத் தெரியும். டி-808க்கு 18650 என்ற உருளை பேட்டரி, அதிக நேரம் தாங்கும். கைக்கு அடக்கம் முதலாவது, ஒலி கனம் இரண்டாவது. அவ்வளவு வேண்டாம் என்றால் பிஎல்-310இடி இன்னும் மலிவு. ஆனால் அதில் எஸ்எஸ்பி இல்லை.

எஸ்எஸ்பி, அதாவது ஒற்றைப் பக்கப்பட்டை வசதி, தேவையா என்று கேட்பார்கள். தேவை என்றே நினைக்கிறேன், ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களைக் கேட்பதற்காக மட்டும் அல்ல. சாதாரண ஏ.எம். ஒலிபரப்பில் நடுவே ஒரு தாங்கலை, அதன் இரு பக்கமும் பேச்சைச் சுமக்கும் பக்கப்பட்டைகள். தாங்கலையில் பேச்சு ஏதும் இல்லை, ஆனால் ரேடியோ பேச்சைப் பிரித்தெடுக்க அதுதான் அளவுகோல். ஒரே நிலையத்தின் அலை ஒரு தாவலிலும் வரும், இரு தாவலிலும் வரும். இரண்டும் வந்து சேரும் நேரம் சற்றே வேறுபடுவதால் சில அலைவெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த அழிவு தாங்கலையின் மீது விழும் நொடியில் அறிவிப்பாளர் குரல் தகர டப்பாவுக்குள் நொறுங்குவதுபோல் கேட்கும். சிற்றலை கேட்ட எவருக்கும் அந்தச் சத்தம் நினைவிருக்கும். எஸ்எஸ்பி உள்ள ரேடியோவில் அந்தத் தாங்கலையை ரேடியோவே தயாரித்துக் கொடுத்துவிடும். பொத்தானை அழுத்தி, ஊளைச் சத்தம் மெல்ல இறங்கி மறையும்வரை நுண்குமிழைத் திருப்பினால், நொறுங்கிய குரல் நிமிர்ந்து நிற்கும். இதைப் பழகிக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். ஹாம்கள் தனி வரவு. காலையில் 7 மெகாஹெர்ட்ஸுக்கும் 7.2க்கும் இடையே கீழ்ப்பக்கப்பட்டையில் தென்னிந்திய ஹாம்கள் சாப்பாடு, மழை, ஆன்டெனா உயரம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்நூறு நிலைய நினைவகம், எழுப்பும் மணி, வெப்பமானி இவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். நிலையங்கள் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அலைவரிசை மாறும். பதிந்து வைத்ததில் பாதி அன்றே பழசாகிவிடும். எண்களைத் தட்டி நேராகப் போகும் விசைப்பலகையும் உறுத்தாத குமிழும் இருந்தால் போதும். 1980, 90களின் ஜப்பானிய ரேடியோ செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் கை நீளும், எனக்கும் நீண்டிருக்கிறது. உள்ளே மின்தேக்கிகள் கசிந்திருக்கும். திறந்து மாற்றத் தெரிந்த மெக்கானிக் இல்லாவிட்டால் அலமாரியில் வைக்கத்தான் உதவும்.

இரைச்சல்தான் பாக்கி. ரேடியோவுக்குப் பணம் கொடுக்குமுன், கையில் இருக்கும் ஏதாவது பழைய ரேடியோவிலேயே, மத்திய அலையில்கூட, ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பேட்டரியில் ஓடவிட்டு, நிலையம் இல்லாத இடத்தில் வையுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். சத்தம் தணிகிறதா? இனி ஒவ்வொன்றாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் முதல் குற்றவாளி படிக்கும் மேசையின் எல்இடி பல்பு. இரண்டாவது, போனே மாட்டாமல் சுவரில் தொங்கிய ஒரு சார்ஜர். மூன்றாவது இன்வெர்ட்டர், அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தச் சாதனங்களுக்குள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடப்படுகிறது. வெட்டும் வேகம் 65 கிலோஹெர்ட்ஸ் என்றால் 130, 195, 260 என்று அதன் மடங்குகள் சிற்றலைவரை ஏணிப்படிபோல் ஏறிப் போகும். திருப்பும்போது சம இடைவெளிகளில் ஒரே கொர்ர் வந்தால், அது வானத்திலிருந்து வருவதில்லை, சுவரிலிருந்து வருகிறது. நல்ல சார்ஜரில் இதைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். மலிவானதில் அந்த இடம் சர்க்யூட் பலகையில் காலியாகவே இருக்கும், பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

இரைச்சலிடமிருந்து தப்ப எளிய வழி நடப்பது. பக்கத்திலிருந்து வரும் இரைச்சல் தூரம் கூடக் கூட வெகு வேகமாகக் குறையும். மூவாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த நிலையத்துக்கு உங்கள் பத்தடி ஒரு பொருட்டில்லை. ஹாலிலிருந்து மாடிக்கு ஏறுவது, எண்பது டாலர் ரேடியோவை நானூறு டாலர் ரேடியோவாக மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம் என்று அடித்துச் சொல்வேன். அங்கே ஐந்து மீட்டர் சாதாரண வயரைத் துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டி, மறுமுனையை ரேடியோவின் கம்பி ஆன்டெனாவில் கிளிப் போட்டால் போதும். இருபது, முப்பது மீட்டர் இழுத்தால் இன்னும் நன்றாகும் என்பது ஆசை. சின்ன ரேடியோ வலுவான நிலையங்களில் திணறி, எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்டாலே வயரைக் கழற்றி விடுங்கள். உயிருக்குத்தான் முதல் பயம், சில்லுக்கு அடுத்தது.

எல்லாம் செய்தும் ஒரு நாள் பட்டப்பகலில் சிற்றலை முழுக்க வெறுமையாகக் கிடந்தால் ரேடியோவைத் தட்டாதீர்கள். சூரியனில் ஏதோ வெடித்திருக்கும். எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடத்தில் வந்து டி அடுக்கைக் கனக்கச் செய்துவிடும். சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ தெளியும். 2024ஐ ஒட்டிச் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருந்ததால் இது அடிக்கடி நடந்தது. அதே உச்சத்தால்தான் 17, 21 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நல்ல அறுவடையும் கிடைத்தது.

கேட்க என்ன மிச்சமிருக்கிறது என்றால், பழைய அளவுக்கு இல்லை. ஆஸ்திரேலிய வானொலி 2017இல் சிற்றலையை விட்டது, தமிழில் வருவது மிகவும் சுருங்கிவிட்டது. ஆனால் 2022இல் உக்ரைனில் போர் மூண்டதும், இணையக் கோபுரங்களை நம்ப முடியாத இடத்துக்கு பிபிசி சிற்றலையில் நாளுக்கு நான்கு மணி நேரம் செய்தி அனுப்பியது. 4625 கிலோஹெர்ட்ஸில் ரஷ்யாவிலிருந்து பல்லாண்டுகளாக ஒரே சீராக ‘பஸ்... பஸ்...’ என்று ஏதோ ஒன்று அடித்துக்கொண்டிருக்கிறது. 

சித்தப்பாவுக்கு என்னிடம் இருந்த எஸ்எஸ்பி ரேடியோவையே கொடுத்துவிட்டேன். அவருடைய ஆயிரத்து இருநூறு ரூபாய்க்காரன் இப்போது தொழுவத்தில் டார்ச் வேலை பார்க்கிறான். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. தோப்பில் பம்ப்செட் அறைக்குப் பக்கத்தில், கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கிறாராம். மோட்டார் ஓடாத நேரத்தில் அங்கே கொர்ர் என்ற பேச்சே இல்லை. எனக்குப் பொறாமைதான்.

“என்ன கேக்கீங்க சித்தப்பா? சீனாவா?”

“அது கெடக்கு. நீ எழுதிக் குடுத்தேல்லா, 6676ன்னு? பம்பாய் ஏர்போர்ட்டு. விமானத்துக்குக் காத்து, மேகம், எவ்ளோ தூரம் கண்ணு தெரியும்னு இங்கிலீசுல சொல்லிட்டே இருக்கான்.” கொஞ்சம் நிறுத்தினார். “பம்பாய்ல காத்து எந்தப் பக்கம் அடிச்சா எனக்கென்ன? ஆனா கேட்டா நிப்பாட்ட மனசு வரலய்யா.”